மே மாதம் வாருங்கள் என்று எழுதியவள்

குமேஜிமா,
பிப்ரவரி 9, 1994

அன்புள்ள இகுயோ அக்காவுக்கு,

தொமி வணக்கத்தோடு எழுதுகிறேன். தீவில் இப்போது கரும்பு வெட்டு. ஆலைப் புகையில் துவைத்த துணியெல்லாம் வெல்ல வாசம் அடிக்கிறது. ஒசாகாவில் பனி என்று செய்தியில் காட்டினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதமும் போட்டோவும் வந்தன. போட்டோவில், நாம் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனபோது இருந்த மாதிரியே இருக்கிறீர்கள். நான் அப்போதைக்கு இரண்டு பங்கு ஆகிவிட்டேன். விடுதிச் சமையல் அப்படி. விருந்தாளி மிச்சம் வைப்பதெல்லாம் என் இடுப்பில்தான் போய்ச் சேருகிறது.

உங்கள் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று படித்தபோது மனசு கனத்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்கு மன்னியுங்கள். எங்கள் மகள் நாஹாவில் நர்ஸ் படிப்பில் இருக்கிறாள். நீங்கள் அக்கறையாகக் கேட்டிருந்ததால் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் கோஷின் இன்னும் படகு ஓட்டுகிறார். விருந்தாளிகளை மணல்திட்டுக்கு ஏற்றிப் போய்க் கொண்டுவருகிறார். என் நலத்தை அரை வரியில் விசாரித்துவிட்டு, அவர் படகுக்கு ஒன்றரை வரி ஒதுக்கியிருந்தீர்கள். பரவாயில்லை, படகு பெரியதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாள் லீவு சேர்த்து வைத்திருக்கிறேன், கடலில் இறங்கிக் கிடக்க எந்த மாதம் நல்லது, இருபது வருடமாகப் பட்டணத்தில் இருந்து பருவமே மறந்துபோச்சு என்று எழுதியிருந்தீர்கள். யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் கடற்கரையைத் திறந்துவிடுவார்கள். பூசை, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டிப் போகும். ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் விடுமுறைக் கூட்டம். தாழ்வாரத்தில்கூடப் பாய் போட இடம் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் விஷச் சொறிமீன் வரும், பின்னாலேயே புயல் வரும். போன வருடம் நான்கு நாள் கப்பல் வராமல் ஒரு நாகோயா குடும்பம் என் சமையலறையிலேயே குடியிருந்தது. ஆகஸ்டில் முன்னோர் பண்டிகை வேறு. உங்கள் தாயார் சமாதியைக்கூட ஒசாகாவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்ட உங்களுக்கு அப்போது இங்கே என்ன வேலை? அக்டோபரில் வடகாற்று திரும்பிவிடும். அதற்குப் பிறகு கடலைப் பார்க்கலாம், குளிக்க முடியாது.

ஜூன் கடைசி பற்றிக் கேட்டால், அப்போது விடுதிக்குப் பெயின்ட் அடிக்கிறோம்.

எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மே நடுவில் வருவதுதான் நல்லது. கூட்டம் இருக்காது, வாடகை பாதி, காட்டு அல்லி பூத்திருக்கும். கொஞ்சம் தூறல் இருக்கலாம். கோஷினிடம் நீங்கள் வருவதாகச் சொன்னேன். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அப்படியா? வரட்டுமே" என்றார்.

நீங்கள் வராமல் இருந்துவிடவும் கூடும், லீவு சமாச்சாரம் உறுதியில்லையே. எப்படியானாலும் நல்லது.

என்றும் உங்கள்,
தொமி


குமேஜிமா,
ஜூன் 3, 1994

அன்புள்ள இகுயோ அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் கப்பல் ஏறி பத்து நாள் ஆகிறது. இங்கே இன்னும் மழை நிற்கவில்லை. பாய்களில் பூஞ்சை, அலமாரியில் பூஞ்சை, கோஷினின் தொப்பியிலும் பூஞ்சை. நீங்கள் மறந்து வைத்துப் போன சீப்பை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சீப்புக்காக மட்டும் இந்தக் கடிதம் இல்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இது நாலாவது.

மே பத்தில் ஆரம்பித்தால் ஜூன் இருபது வரை இந்தத் தீவில் கூரை காயாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் உங்களை மே மாதம் வாருங்கள் என்று எழுதினேன். பட்டணத்துக்காரி மறந்திருப்பாள், வந்து நனைந்துவிட்டு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஜூனில் பெயின்ட் அடிப்பது பொய். சுவரைப் பார்த்தீர்களே, எட்டு வருடமாக யாரும் அடிக்கவில்லை. கடல் பார்த்த அறை ஒழுகுகிறது என்று சொல்லி உங்களைச் சமையலறைக்குப் பின்னால் படுக்க வைத்தேனே, அதுவும் பொய்.

முதல் நாளே நான் அகப்பட்டுக்கொண்டேன். உங்கள் பையைத் திறந்தீர்கள். நீச்சல் உடை ஒன்றுகூட இல்லை. மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், ஒரு கட்டுச் சீட்டு. கோஷின் எட்டிப் பார்த்து, "கடல் குளிக்க வந்த மாதிரியா இருக்கு? நாத்து நடப் போறவ மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தார். நீங்கள் பூட்ஸைத் துடைத்தபடியே, "தொமிதான் மே மாசம்னு எழுதினா. தொமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பி, "மேயா? மே மாசம்னா எழுதின?" என்றார். நான் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே ஓடினேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

பிறகு நடந்தது என் தலையெழுத்து. வெயில் காலமாக இருந்திருந்தால் அவர் விடிந்ததும் படகில் போய்ப் பொழுது சாயத்தான் திரும்புவார். மழையில் படகைக் கட்டிப்போட்டுவிட்டு ஒன்பது நாளும் வீட்டில்! சீட்டாட்டம், சிரிப்பு, பழைய வாத்தியார்களின் பட்டப்பெயர். இருபது வருடத்தில் என்னோடு அவர் ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. நானே வலை விரித்து நானே விழுந்தேன். பாகற்காய் வதக்கலில் உப்பை அள்ளிப் போட்டேன். நீங்கள் "ருசி மாறவே இல்ல தொமி" என்று சாப்பிட்டீர்கள். அதற்கும் எரிந்தது.

இருபது வருடமாக என் தொண்டையில் நின்ற முள்ளை உங்களுக்குச் சொல்கிறேன். ஊர் சொன்னதைத்தான் நானும் நம்பினேன். இரண்டு வருடத்தில் திரும்பி வந்து கோஷினைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒசாகா போன இகுயோ, பட்டணத்துக்கு மயங்கி வராமல் இருந்துவிட்டாள். அவன் காத்திருந்து காத்திருந்து, கப்பல் டிக்கெட் கொடுக்கும் தொமியைக் கட்டிக்கொண்டான். கிடைக்காத மீனுக்குப் பதில் கிடைத்த மீன் நான். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் உங்கள் வாழ்த்து அட்டையை அவர் வாசலில் நின்றே படிப்பார், செருப்பைக்கூடக் கழற்றாமல். நான் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம் டோஃபு வாங்கக் கடைக்குப் போனேன் இல்லையா? திரும்பிப் பின்வாசலில் குடையை மடக்கும்போது உங்கள் இருவர் குரலும் கேட்டது. தகரத்தில் அடித்த மழைக்கு மேல் நீங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது. நான் வரவழைத்த மழைதான். ஒளிந்து கேட்டது தப்பு. ஆனாலும் நின்று கேட்டேன்.

"இன்னும் சொல்லலியா அவகிட்ட?" என்று கேட்டீர்கள்.

"நீதானே சொல்லாதேன்னு சத்தியம் வாங்குன" என்றார்.

"இருபத்திரண்டு வயசுல வாங்குன சத்தியம்டா. இந்நேரம் ஊசிப் போயிருக்கும். ஊரைக் கூட்டிச் சொல்ல வேணாம், அவகிட்ட மட்டும் சொல்லு. அவ என்னைப் பாக்குற பார்வை தாங்க முடியல. நான் என்னத்தையோ திருட வந்த மாதிரி."

அவர் ஏதோ முனகினார். நீங்கள் விடவில்லை. "பரிசெல்லாம் வாங்கி வச்சு, கப்பலுக்கு நாள் எண்ணிட்டிருந்தேன். வராதேன்னு எழுதின. மனசு தொமிகிட்டப் போயிடுச்சுன்னு எழுதின. என்னத்தைக் கண்ட அவகிட்டன்னு நான் கேட்டதுக்கு நீ எழுதின பதில் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. உன் பக்கத்துல இருந்தா நல்ல சட்டை போட்டுக்கணும்னு தோணும். தொமி பக்கத்துல இருந்தா பசிக்கும்."

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. பிறகு மெதுவாக, ஆனால் மழைக்கு மேல் கேட்கும்படி, "கோஷின் வேணாம்னு தள்ளின பொண்ணுன்னு ஊர் பேசுறதுக்குப் பதிலா, பட்டணத்துக்கு மயங்கின பொண்ணுன்னு பேசட்டும்னுதான் அன்னைக்கு உன்கிட்ட சத்தியம் வாங்கினேன். எங்கம்மா சாகுற வரைக்கும் அதைத்தான் நம்பினாங்க" என்றீர்கள்.

நான் உள்ளே வரவில்லை. மறுபடி கடைக்கு நடந்தேன். என்ன வாங்குவது என்று தெரியாமல் இன்னொரு டோஃபு வாங்கினேன். சாப்பாட்டில் நீங்கள், "எதுக்குடி இவ்ளோ டோஃபு?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் தட்டில் இன்னும் இரண்டு துண்டு போட்டேன். அதற்கு அர்த்தம் இதுதான்.

அக்கா, நான் பொறாமைப்பட்ட இருபது வருடமும் பொறாமைப்பட வேண்டியவர் நீங்கள். கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பிய பட்டு இடைக்கச்சையை, பெருமை அடிக்க அனுப்பியிருக்கிறாள் என்று நான் ஒரு நாளும் கட்டவில்லை. அது நீங்கள் உங்கள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்ததோ? கேட்கவே பயமாக இருக்கிறது. இவ்வளவையும் விழுங்கிக்கொண்டு, வருடம் தவறாமல் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதி வாழ்த்து அனுப்பினீர்களே! என்னால் முடிந்திருக்காது. இப்போது அதற்கும் ஒரு பொறாமை. என் பிறவிக் குணம், என்ன செய்ய?

மே மாதம் என்றால் மழை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் கடிதத்தைப் படித்ததுமே புரிந்திருக்கும். புரிந்தும் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் கேட்டது மாதத்தை இல்லை, வரலாமா என்றுதான் கேட்டீர்கள். அதற்கு நான் பதில் எழுதவே இல்லை.

இப்போது எழுதுகிறேன். இன்னும் பத்து நாளில் ஹாரி படகுப் போட்டி. போட்டிக்கு அடிக்கும் மணி கேட்டால் மழை முடிந்தது என்று தீவில் கணக்கு. பின்னாலேயே தென்காற்று எழும்பி மேகத்தை ஒரே நாளில் துடைத்துவிடும். ஜூன் கடைசி வாரம் தொடங்கி பன்னிரண்டு நாள், புயலும் கிடையாது, கூட்டமும் கிடையாது. தண்ணீர் இடுப்பில் பட்டால் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் சொல்லாத நாட்கள் அவை. இந்த வருடம் லீவு தீர்ந்துவிட்டது என்றால் அடுத்த வருடம். கடல் பார்த்த அறையை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

நான் கேட்டுவிட்டேன் என்பது கோஷினுக்குத் தெரியாது. அவராகச் சொல்வார் என்று காத்திருக்கிறேன். அந்த மனுஷன் தொப்பியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். சொல்லாமலே போனாலும் பரவாயில்லை. இரண்டு கிண்ணம் சோறு கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது, ஏன் சிரிக்கிறாய் என்று முறைக்கிறார்.

இன்று காலை, "இகுயோ கடுதாசி போட்டாளா?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்த பிறகும் என் வயிறு பற்றி எரிந்தது. இருபது வருடத்துப் பழக்கம், ஒரு மழையில் அணையுமா? அடுத்த முறை நீங்கள் கப்பலில் இருந்து இறங்கும்போதும் எரியும் என்றுதான் நினைக்கிறேன்.

எரியட்டும். நீங்கள் வாருங்கள்.

உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டி,
உங்கள் தங்கை,
தொமி