சேதராப்பட்டுப் பள்ளத்தில் கிடைத்த எலும்பு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன் செய்தார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தில் முதுகெலும்பு கிடைத்திருக்கிறதாம். தம்பி காணாமல் போய் நாலு வருடம் ஆகிறது. கடைசியாக அவன் வேலைக்குக் கிளம்பியதும் சேதராப்பட்டுக்குத்தான். அம்மாவிடம் டைலர் கடைக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம். காலேஜிலிருந்து வரவழைத்திருந்த நிலவியல் டீச்சர் உள்ளே குந்தி, பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். வட்ட வட்டமான எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது.

"இது மனுஷன் இல்ல சார். மோசசார்னு, கடல்ல வாழ்ந்த பெரிய பல்லி மாதிரி. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கெல்லாம் கடல்தான். எலும்பு கல்லாவே மாறிடுச்சு பாருங்க" என்று ஏட்டிடம் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். ஏட்டு என்னிடம் வந்து, "நல்லவேளம்மா, உன் தம்பி இல்ல. நிம்மதியா வூட்டுக்குப் போ" என்றார்.

தலையாட்டினேன். அழுகை வரவில்லை. டீச்சர் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். வெயிலில் சுட்டது.

வீட்டில் அம்மா, "ஜாக்கெட் தச்சிட்டானா?" என்று கேட்டாள்.

"நாளைக்குத் தரேன்னான்மா."

போகும்போது பஸ்ஸில் அது அவனாகவே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவனுக்குக் காரியம் செய்துவிட்டால், இனியாவது ராத்திரியில் அம்மா என்னை வாசல் கதவைத் தாழ் போட விடுவாள் என்று நினைத்தேன்.