இரண்டு கட்சியும் சேர்ந்து திட்டிய கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான்.

ஒரு துகள் பல இடங்களில் இருக்க வாய்ப்பு உண்டு என்று எங்கள் இயற்பியல் கணக்கு சொல்லும். அளந்து பார்த்தால் ஓரிடத்தில்தான் இருக்கும். பார்த்ததும் மற்ற வாய்ப்புகள் அழிந்துவிட்டன என்கிறார் என் பேராசிரியர். அழியவில்லை, வேறு வேறு உலகங்களில் நடக்கின்றன என்கிறார் எதிர் அறைப் பேராசிரியர். இதற்காக இருவரும் பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படித்தவர்கள்.

நேற்று துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுக் காட்டினேன். விடை ஒன்றேதான். அப்புறம் எதற்கு இந்தச் சண்டை என்று கேட்டுவிட்டேன்.

"விடை ஒண்ணா வந்தா உண்மையும் ஒண்ணாயிடுமா?" என்று என் பேராசிரியர் எகிறினார். "நானும் அதைத்தான் கேக்குறேன்" என்று மற்றவர் ஒத்து ஊதினார். மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், என் அதிகப்பிரசங்கித்தனத்தைத் தொட்டுக்கொண்டு. சேர்த்து வைத்த புண்ணியவதி நான் மூலையில் தனியாக மென்றுகொண்டிருந்தேன்.

என் பழைய போர்வையை அனுப்பு, துவைக்காதே. ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள், முடிக்கிறேன். நீயும் அத்தையும் இன்னும் பேசிக்கொள்ளவில்லையாமே? லீவு கிடைத்ததும் வந்து நடுவில் நிற்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுங்கள். ஆனால் சாப்பிட என்னையும் கூப்பிடுங்கள்.

உன் மகள்