ஆற்றோரத்துச் சோளக்கொல்லை யாருடையது

அன்பு மகள் மரீலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முழங்கால் வலியைத் தவிர எல்லாரும் சௌக்கியம், சியாட்டில் மழையில் உனக்கும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். உன் மூன்று வரிக் கடிதம் கிடைத்தது. "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கப்பா" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் காப்பி பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. முடிவு பண்ண எனக்கு உரிமை இல்லை என்றுதானே நாலு மாதமாக உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்?

நம் ஜனங்கள் நடத்தும் சூதாட்ட விடுதிக்கு வண்டி நிறுத்துமிடம் கட்ட நம் ஆற்றோரத்துச் சோளக்கொல்லையை மன்றத்தார் கேட்கிறார்கள். அது உன் அம்மா நோராலிக்கு அவள் அம்மா வழியில் வந்தது, அவள் போன பிறகு உன்னுடையது. பட்டாளம் நம் ஜனங்களை மேற்கே விரட்டியடித்த வருஷம், உன் அம்மாவின் முன்னோர்கள் மலையில் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து உழுத மண். அதில் ஒரு கதிர்கூட எனக்குச் சொந்தமில்லை. அது தெரிந்தும், நம் கழுகோடை ஊருக்காக நான் உட்கார்ந்திருக்கும் பழங்குடி மன்றத்தின் போன வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். தலைவர் "கழுகோடை உறுப்பினரே, எத்தனை நாளைக்குத்தான் இழுத்தடிப்பீங்க" என்று கேட்க, நான் சூடாகி "என் நிலத்தை என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லித் தொலைத்தேன். பின்வரிசையில் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். உன் எம்மலைன் பெரியம்மா எழுந்து நின்று, "ஏன் மாப்பிள்ளே, யாரு நிலம்? என் தங்கச்சி வீட்டுக்கு வந்தப்போ உங்ககிட்ட ஒரு தொப்பியும் ஒரு நாயும்தானே இருந்துச்சு" என்று கேட்டாள். மன்றக் கூட்டம் டிவியில் நேரலையாகப் போவது உனக்குத் தெரியும். மறுநாள் பெட்ரோல் போடப் போனால் அங்கே ஒருவன் "அண்ணே, நாய் சௌக்கியமா" என்கிறான்.

உன் பெரியம்மா மேல் தப்பு சொல்ல முடியாது, அம்மா வழி நிலத்தை என் நிலம் என்று சொன்ன எந்த ஆண்பிள்ளையை நம் பெண்கள் சும்மா விட்டிருக்கிறார்கள்? எனக்கு ஆத்திரமெல்லாம் உன் மேல்தான். ஊர்க்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பேர் வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்று கை தூக்கிவிட்டார்கள், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று. அப்படித் தூக்கினவர்களே சனிக்கிழமை, நம் வழக்கப்படி கூலி வாங்காமல், அதே கொல்லையில் கதிர் ஒடித்துக் கொடுத்துவிட்டுப் பயறு ரொட்டி சாப்பிட்டுப் போனார்கள். அவர்களிடம் நான் எந்த முகத்தோடு சண்டை போடுவது? விடுதி வருமானத்தில்தான் ஆஸ்பத்திரி நடக்கிறது. உன் அம்மாவுக்கு நாலு வருஷம் ரத்தம் சுத்தம் செய்த மெஷின் அந்த வருமானத்தில் வந்ததுதான். அதை நினைத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஒவ்வொரு வருஷமும் எடுத்து வைத்த விதைச்சோளத்தைப் பார்த்தால் சரி என்று சொல்லவும் வரவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது மரீலா, அதை யாரிடமும் காட்ட முடியவில்லை.

அக்டோபர் சந்தை முடிந்து வரும் திங்கட்கிழமை வாக்கெடுப்பு. உரிமைக்காரி நேரில் வந்து பேசவில்லை என்றால் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். கொடுப்பதானாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, உன் வாயால் சொல். நீ சொன்ன பிறகு ஊரார் என்னைத் திட்டினால் திட்டட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மா உனக்குத் துணையாக இருப்பாள். வரும்போது தடித்த கோட்டு எடுத்து வா, மலையில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டது. ஒன்று மட்டும் மறக்காதே. என்னை மன்றத்துக்கு அனுப்பியது ஊர், நீ பேசாவிட்டால் ஊர் சொன்னபடிதான் நான் செய்தாக வேண்டும். அன்றைக்கு உன் அம்மாவின் கொல்லையைக் கொடுத்துவிடச் சொல்லி முதலில் உயரும் கை உன் அப்பாவின் கையாக இருக்கும். அதை டிவியில் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ஹைரம்