நீ கடி, நான் கேட்டுச் சொல்றேன்

இன்று காலை என் மகள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே ஒரு முறுக்கைக் கடித்தாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். "அம்மா, எவ்ரிபடி ஹெர்ட் இட்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். கடையில் வாங்கிய முறுக்குதான், ஆனாலும் அந்தச் சத்தத்தில் நீ இருந்தாய்.

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் நமது அபார்ட்மெண்டின் துணி துவைக்கும் அறையில்தான் உன்னை முதலில் பார்த்தேன். கிரீன் கார்டு வந்த மறு வருஷமே கணவரைப் பறிகொடுத்துவிட்டு, எல் கமினோ ரோட்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். தீபாவளிக்கு முன்னால் வீட்டிலேயே ஆர்டருக்கு முறுக்கு சுடுவாய். மதுரைக்காரி கைக்கு ஒத்தாசையாக இந்தச் சென்னைக்காரி மாவு பிசைவேன். பிசைவதைப் பார்த்து நீ பண்ணிய கேலியை இங்கே எழுத முடியாது.

முதல் ஈடு எடுத்ததும் ஒன்றை என்னிடம் நீட்டினாய்.

"நீ கடி. நான் கேட்டுச் சொல்றேன்."

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நீயோ என் கன்னத்தருகே காதைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். "ம்ஹூம். உள்ள ஈரம் இருக்கு. இன்னும் கொஞ்சம் வேகணும்." அடுத்த ஈட்டுக்குத்தான் தலையாட்டினாய். மூன்று கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி, உன்னால் எதையும் கடிக்க முடியவில்லை என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. சுட்ட முறுக்கைத் தானே கடித்துப் பார்க்க முடியாத சமையல்காரி நீ. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கன்னத்தில் ஒரு கிராம்பு மட்டும் எப்போதும் அடக்கி வைத்திருப்பாய்.

இனி வருவதை எழுதத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன்.

வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசே தரும் மருத்துவக் காப்பீட்டில் பல் வைத்தியமும் உண்டு என்று யாரோ சொல்லி, விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தாய். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், எல்லாம் தெரியும் என்று உனக்கு ஒரு நம்பிக்கை. நான் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மடித்து உன் கையிலேயே கொடுத்தேன்.

"வேணாம்டி. கவர்மெண்ட் உதவி வாங்கினேன்னு ரெக்கார்டுல ஏறிடும். நாளைக்கு சிட்டிசன்ஷிப் அப்ளை பண்றப்போ ப்ராப்ளம் ஆயிடும்."

எங்கிருந்து தெரிந்துகொண்டேன்? ஒரு பூஜையில் சாப்பிடும்போது யாரோ ஒரு அங்கிள் சொன்னார். பிறகு வாட்ஸாப்பில் நாலு பேர் அதையே அனுப்பினார்கள். நம் ஊர்க்காரர்கள் கூடும் இடங்களில் சுண்டலோடு சேர்த்து இந்தப் பயத்தையும் விநியோகிக்கிறோம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அரசாங்க உதவியா, நம் ஆட்கள் அதெல்லாம் வாங்குவார்களா என்ற வறட்டு கௌரவமும் எனக்குள் இருந்தது. என் கணவரின் ஆபீஸ் காப்பீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள், உனக்கு அந்த யோசனையைச் சொன்னேன்.

எட்டு மாதம் கிராம்போடு ஓட்டினாய். ஒருநாள் காலை முகம் வீங்கி, ஒரு கண் மூடிப்போய் என் கதவைத் தட்டினாய். உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு எமர்ஜென்சிக்குப் போனேன். மாத்திரை கொடுத்து, பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் ஒருத்தி காப்பீடு பற்றிக் கேட்க, நான் என் பயத்தைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தக் காப்பீட்டுக்கும் குடியுரிமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள். ஒரே வரி. அதை யாரிடமாவது கேட்க எனக்கு எட்டு மாதமாகத் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் விண்ணப்பம் போட்டோம். அந்தக் காப்பீட்டில் நீ போன பல் டாக்டர் மூன்றையும் எடுக்க வேண்டும் என்றார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் இரண்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். திரும்பும்போது காரில், "ஏன்டி இந்த ஓட்டு ஓட்டுற? மெதுவாப் போ" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பல்செட் வந்த அன்று நீ கடித்த முதல் முறுக்கு நினைவிருக்கிறது. கண்ணை விரித்து, "அடியே, இவ்வளவு நல்லாவா சுடறேன் நானு?" என்றாய். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அடுத்த வருஷமே மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. பெரியவர்களுக்கான பல் வைத்தியத்தில் கைவைக்கப் போவதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். "பல்லப் புடுங்க மட்டும் குடுப்பாங்களாம்டி. காப்பாத்தக் குடுக்க மாட்டாங்களாம்" என்று வந்து நின்றாய்.

"உனக்குத்தான் பல்செட் வந்தாச்சே" என்றேன்.

"எனக்கு வந்தாச்சு. எங்க ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற அம்மா போன வாரந்தான் ஃபார்ம் போட்டிருக்கு. அது என்ன பண்ணும்?"

மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குக் காரில் இரண்டு மணி நேரம். அங்கே சட்டசபையின் பட்ஜெட் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று பேசலாம், ஆளுக்கு ஒரு நிமிடம். வழியெல்லாம் நான் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் வரிகளை மனப்பாடம் செய்தாய். மைக் முன்னால் போனதும் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நீ கைப்பையைத் திறந்தாய், ஒரு முறுக்கை எடுத்தாய், மைக்கின் மேலேயே கடித்தாய்.

அந்தப் பெரிய கூடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

"பிஃபோர், நோ" என்றாய். "நவ், எஸ். ப்ளீஸ், டோன்ட் கட்."

மேடையில் இருந்த உறுப்பினர்களில் ஒருவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இங்கே சாப்பிடக் கூடாது என்று சொல்ல வந்த காவலரிடம் ஒரு முறுக்கை நீட்டினாய். வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் கைவைக்கவில்லை. எத்தனையோ பேர் வரிசையில் நின்றார்கள், எல்லோரும் சேர்ந்து காப்பாற்றியது அது. நீ மட்டும் கடைசிவரை, "என் முறுக்குதான்டி" என்று சாதித்தாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பல்லை அவ்வளவு பாடுபட்டுப் பார்த்துக்கொண்டோம், போனது இதயத்தால். உன் முறுக்கு அச்சு இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை.

பட்ஜெட்டில் மறுபடி துண்டு விழுந்திருக்கிறது. மறுபடி அதே பல் வைத்தியத்தில்தான் கண். கிளினிக்கிலிருந்து கூப்பிட்டு, வந்து பேச முடியுமா என்று கேட்டார்கள். நாளைக்குப் போகிறேன். முறுக்கு எடுத்துப் போகவில்லை. நான் கடித்துக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? என் பல்லுக்கு எந்த நாளும் ஆபத்து வந்ததில்லை. என்னிடம் இருப்பது வேறு. ஒரு நிமிடத்துக்கான பேச்சை எழுதிவிட்டேன். முதல் வரி இது: "என் தோழி விண்ணப்பத்தோடு வந்தபோது, வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்."

உன்னிடம் ஒருநாளும் சொல்லாததை நாளைக்கு மைக்கில் சொல்கிறேன்டி. நீ கேட்டுச் சொல்லு, வெந்திருக்கான்னு.