பாதியில் எழுந்து வந்த படம்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு படத்துக்குப் போனேன். ஒருவன் தன் மனைவியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கிற த்ரில்லர் படம். தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அந்த ஆள் ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை. அவள் என்ன புடவை கட்ட வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். நாங்கள் உன்னோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாரே, அதே சிரிப்பு. மாப்பிள்ளைக்கு நம்மேல் எவ்வளவு பிரியம் என்று அம்மா பூரித்துப் போவாள்.

ஒரு நாள் கதவு திறந்து கிடக்கிறது. அவள் எழுந்திருக்கவே இல்லை. பின்சீட்டில் ஒருவன், "அரே, பாக் நா!" என்று இந்தியில் அவளை ஓடச் சொல்லிக் கத்தினான். தியேட்டரே சிரித்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ ஓடி வந்தாயே, அக்கா.

அவர் பூட்ட மறந்த அன்று, உன் மகள் ரேவதியைக் கையில் பிடித்துக்கொண்டு தாராவிக்கு வந்தாய். நம் சந்தில் விடிந்தால் எந்தக் கதவும் சாத்தியிருக்காது. ஐரோலி ஃப்ளாட்டில் உன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டுதான் அவர் டியூட்டிக்குப் போகிறார் என்று நீ சொன்னதும், "ஏளா, பில்டிங்ல எல்லாரும் பூட்டிக்கிட்டுத்தான் இருப்பாவ. ஒனக்குப் பாதுகாப்புதான" என்றார் அப்பா. எனக்கும் அது வசதியான வாழ்க்கையாகத்தான் பட்டது.

"ஏல தம்பி, என்னை அனுப்பாதல" என்றாய். "சும்மா இரு அக்கா, அத்தான் நல்லவரு" என்று சொல்லி, நானே டிரெயினில் கொண்டுபோய் விட்டேன்.

பிறகு அந்தக் காய்ச்சல். ரேவதி பள்ளிக்கூடத்தில், போன் அவரிடம், வெளியே பூட்டு. சாயங்காலம் அவர் வந்து திறந்தபோது நீ உயிரோடு இல்லை. எத்தனை தடவை கதவைத் தட்டினாய்?

படம் பார்த்த மறுநாளே ஐரோலி போய், நாலு நாள் லீவுக்கு என்று பொய் சொல்லி ரேவதியைக் கூட்டி வந்தேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, "மாமா, தண்ணி குடிக்கட்டுமா?" என்று கேட்கிறாள். உட்காரக்கூடக் கேட்கிறாள். என் மனைவி அடுக்களைக்குள் போய் அழுதாள்.

வருகிற ஞாயிறு அவளைக் கூட்டிப்போக அவர் வருகிறார். "பெத்தவன் கேட்டா அனுப்பித்தான ஆவணும்" என்கிறார் அப்பா, இப்போதும். நான் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டேன். நேற்று ரேவதியிடம், "போணுமா, இங்கயே இருக்கணுமாம்மா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எது சொல்றீங்களோ அது, மாமா" என்றாள்.

அவளை அனுப்ப மாட்டேன், அக்கா. அவர் ஊர்க்காரர்களைக் கூட்டி வந்தாலும் அனுப்ப மாட்டேன். தனக்கு என்ன வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லும் நாள்வரை காத்திருப்பேன். சொன்னால் நம்புவேன். உன்னை நான் நம்பவில்லை.

இப்படிக்கு,
ரேவதியின் தாய்மாமன்,
உன் தம்பி செல்வம்