மாம்பால் பட்ட மணிக்கட்டு

அக்கா,

சூப்பர் குளூவின் நெடி இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. உங்கள் வாட்சில் பட்டையைப் பிடிக்கும் காது மறுபடி உடைந்து என் சமையல் மேடைக்கு வந்தது. போன வாரம் உங்கள் வீட்டு மாமா கொண்டுவந்து கொடுத்தார். பீரோவில் கிடந்ததாம். ஒட்டித் தந்தால் தானே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி எதையும் பிரித்து மாட்டுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தது நீங்கள்தானே. முடியாது என்று எந்த வாயால் சொல்வேன்?

இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. பயம்தான்.

போன பங்குனியில் முதலமடை மாந்தோப்பில் காய் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. லாரிக்குப் பெட்டி எடுத்துக் கொடுக்கும்போது விளிம்பில் மாட்டி, உங்கள் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய வாட்சின் பட்டை கிழிந்தது. பட்டையைப் பிடித்திருந்த காதும் பெயர்ந்துவிட்டது. காலையில் வாய்க்கால் கரையில் என்னோடு நடந்தது போதாதென்று, என் வாட்சின் காலடிக் கணக்கை முந்துவதற்காகவே மதியம் தோப்பைச் சுற்றி வருகிறவர் நீங்கள். வாட்ச் இல்லாமல் ஒரு நாள் தாங்கவில்லை. உடைந்த இடத்தில் ஒரு சொட்டுப் பசை, அதன்மேல் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. கல்லாக இறுகியது. நகம் தேய்க்கும் அரத்தால் ராவி, மெல்லிய துளை ஊசியைக் கையால் திருகி ஓட்டை போட்டு, என் பழைய வாட்சின் பட்டையைக் கோத்துக் கொடுத்தேன். புதுசாட்டவே இருக்குது என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் முகம் மாறியது.

"சும்மா உக்காந்திருக்கறப்பவே நூத்திமுப்பதுங்குது அம்மிணி. ரண்டு நாளா மாரும் படபடங்குது."

உங்கள் மணிக்கட்டைப் பார்த்தேன். காம்பு ஒடிக்கும்போது தெறித்த பால் சுட்டு, அங்கே ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்புத் தழும்பு இருந்தது. சீசன் வந்துவிட்டால் நம் ஊரில் எல்லாப் பழியும் மாம்பாலுக்குத்தானே. அரிப்பா, மாம்பால். செல்போன் விரல் ரேகையை எடுக்கவில்லையா, மாம்பால். வாட்சின் அடியில் மின்னும் பச்சை வெளிச்சம் அந்தக் கறுப்பைத் தாண்டி எப்படி நாடியைப் பார்க்கும்? எல்லாம் தெரிந்தவள் மாதிரி சொன்னேன்.

"மாம்பால் பட்ட கையில கட்டுனா அப்படித்தான் காட்டுமுங்க. படபடப்பு வெயிலுக்குங்க அக்கா."

நம்பிவிட்டீர்கள். நான் சொன்னால் நம்புவீர்கள். மூன்றாம் நாள் லாரிப் பக்கத்திலேயே விழுந்தீர்கள், ஒட்டிய காதும் உடைந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஒரு வருஷமாக ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அன்று வாட்ச் தப்பாகக் காட்டியதா, சரியாகவா? மாமா வாட்சைக் கொடுத்த மூன்றாம் நாள் காலையில் உட்கார்ந்து காதை ஒட்டினேன். முதல் சொட்டு கண்ணாடியில் விழுந்தது, துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். பசை இறுகட்டும் என்று வைத்துவிட்டு, வேலியோரத்து மரத்தில் ஒரு காயைக் காம்போடு ஒடித்து, பீய்ச்சிய பாலை என் மணிக்கட்டில், உங்களுக்குப் பட்ட அதே இடத்தில் விட்டுக்கொண்டேன். எரிந்தது. இரண்டு நாளில் கறுத்தது. அதன்மேல் வாட்சைக் கட்டினேன். தப்பாகக் காட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தான் ஒட்டிய பொருள் வேலை செய்யக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ரிப்பேர்காரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கழுத்தில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். தொண்ணூற்று இரண்டு. வாட்சிலும் தொண்ணூற்று இரண்டு. மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு எண்ணினேன். அப்போதும் இரண்டும் ஒன்றுதான். அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை மாமா வாங்க வந்தார். சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டார்.

"காட்டுதுங்க மாமா. அன்னைக்கும் சரியாத்தான் காட்டுச்சு. நாந்தான் மாம்பால்னு சொல்லிப்போட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கிட்டயும் சொன்னா அம்மிணி. லோடு போவட்டும், அப்பறம் டாக்டரப் பாக்கலாம்னு சொன்னது நானு."

இருவரும் அழுதோம். பிறகு வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டார். பச்சை வெளிச்சம் மின்னி, எண் வந்தது. நூற்றுப்பதினெட்டு. அழுததால் அப்படிக் காட்டும் மாமா என்று வாய் வரை வந்துவிட்டது அக்கா. நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். லாரி வந்து நிற்கிறது, ஆள் இல்லை என்றார். நிற்கட்டும், ஏறுங்கள் என்றேன்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, மனசு கலங்கியதால் வந்த படபடப்பு என்றார் டாக்டர். நான் சொல்ல இருந்ததும் அதுதான். ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும் அக்கா. நான் இல்லை.