பொய்ப் பாயிண்ட் ஒன்றின் மீது உரிமை கோரி

அனுப்புநர்
ரோ. மெட்டில்டா (வயது 46),
க/பெ. ரோச்,
மெட்டில்டா மெரைன் எலக்ட்ரானிக்ஸ்,
மீன்பிடித் துறைமுகச் சாலை,
தூத்துக்குடி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: 'அலைத்தடம்' என்னும் கைபேசிச் செயலி, மீன் மிகுந்த இடங்கள் என்று காட்டும் அறுபத்தொரு பொய்யான இடங்களை, விசைப்படகுகள் கடலுக்குப் போகும் 16.06.2025-க்கு முன் நீக்க ஆணையிடக் கோருதல் – அவற்றுள் ஒன்றின் மீது எனக்குள்ள உரிமையைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. பெரியதாழைக் கடலில் 09.05.2025 அன்று நடந்த விபத்து.
2. மேற்படி செயலி நிறுவனத்தின் வழக்கறிஞர் எனக்கு அனுப்பிய 26.05.2025 நாளிட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக மேற்கண்ட முகவரியில் கடை வைத்திருக்கிறேன். படகுகளில் பொருத்தும் ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். உப்புக்காற்று பட்டுப் பழைய கருவி செத்துப்போனால், அதில் சேமித்து வைத்திருக்கும் பாயிண்டுகளைப் புதிய கருவிக்கு மாற்றிக் கொடுப்பேன். பாயிண்ட் என்பது, கடலுக்கடியில் பார் எனப்படும் பாறைத்திட்டு இருக்கும் இடத்தின் எண். அங்கேதான் மீன் அடையும். நல்ல பாயிண்டுகளைச் சேர்க்க ஒருவருக்குப் பாதி ஆயுள் போய்விடும். ஆகவே படகை விற்பவர்கள்கூடப் பாயிண்டை அழித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். ஒரு படகின் பாயிண்டை இன்னொரு படகுக்கு நான் சொன்னதே கிடையாது. என் உடன்பிறந்த தம்பி ஃபிராங்க்ளின் கேட்டும் நான் சொல்லாததால், இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை. அவன் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குக்கூட எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

2. அரசுக் கோப்பு எதிலும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். படகில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கருவியைத் திறந்து, எண்களைக் களவாக எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே சிலர் தங்கள் கருவியில் ஒரு பொய்ப் பாயிண்டையும் சேர்த்து வைப்பார்கள். பார்த்தால் மற்றவற்றைப் போலவே இருக்கும். போனால் மீன் இருக்காது. வெறும் மணலோ, வலையைக் கிழிக்கும் பழைய இரும்போ இருக்கும். கிழிந்த வலையோடு எவன் கரைக்கு வருகிறானோ அவன்தான் கள்ளன் என்று தெரிந்துவிடும். அவனும் வெட்கத்தில் மூச்சு விட மாட்டான். புதிய கருவிக்கு மாற்றும்போது தவறிவிடக் கூடாது என்பதற்காக, எது பொய் என்பதை உரிமையாளர்கள் என்னிடம் மட்டும் சொல்லிவைப்பார்கள். என் கடைக்கு வந்த கருவிகளில் இப்படி அறுபத்தொரு பொய்கள் உண்டு. அவற்றை நினைத்து நானும் பலமுறை சிரித்திருக்கிறேன்.

3. மூன்று ஆண்டுகளுக்கு முன், மீன்பிடித் தடைக்காலத்தில், அலைத்தடம் நிறுவனத்தின் களப் பணியாளர் அபிலாஷ் என்பவர் என் கடைக்கு வந்தார். மரியாதையான பிள்ளை, டீயைக்கூட அவரே வாங்கி வந்தார். படகுகளின் பாயிண்டுகளை எல்லாம் பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். "கடல் பொதுதான அக்கா? தகவல மட்டும் பூட்டி வச்சா எப்படி?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் கொடுக்கவில்லை.

4. பிறகு அவர்கள் நேரே படகுக்கே போனார்கள். இலவச ஆன்டெனா பொருத்தித் தருகிறோம், ஆபத்து என்றால் உடனே ஆள் வரும் என்று சொல்லி, பன்னிரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, கருவியில் ஒரு வயரைச் சொருகி உள்ளே இருந்ததையெல்லாம் உருவிக்கொண்டார்கள். நல்லதோடு பொய்யும் போயிற்று. வயரைச் சொருகும் முன் பொய்யை மட்டும் அழித்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். அழித்தால் எது பொய் என்று பக்கத்துப் படகுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று எண்ணி ஒருவர்கூட அழிக்கவில்லை. எங்கள் ஆட்களின் புத்திசாலித்தனம் இப்படித்தான் இருக்கும்.

5. இப்போது அந்த எண்கள் எல்லாம் செயலியில் பச்சை நட்சத்திரங்களாகத் தெரிகின்றன. மாதக் கட்டணம் கட்டியவர்களின் கைபேசியே அவர்களை அந்த இடத்துக்கு வழி காட்டிக் கூட்டிப்போகும். இங்கே ஒரு வித்தியாசத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். பாயிண்டைக் களவெடுத்தவன் பயந்து பயந்து போவான்; முதலில் சின்ன வலையைப் போட்டுப் பார்ப்பான். கட்டணம் கட்டி வாங்கியவனுக்கு அந்தப் பயம் இருக்காது. இருக்கிற வலை முழுவதையும் ஒரே தடவையில் விடுவான்.

6. அப்படி விட்டவர் பெரியதாழையைச் சேர்ந்த கிளைட்டன், வயது 33. கடந்த மே 9-ஆம் தேதி காலை, தடைக்காலம் பொருந்தாத சிறிய ஃபைபர் படகில் இன்னும் இருவரோடு, செயலி காட்டிய ஓர் இடத்துக்குப் போனார். அங்கே பதினோரு பாகம் (சுமார் அறுபத்தாறு அடி) ஆழத்தில், சரக்கு ஏற்றும் ஒரு பழைய இரும்பு பார்ஜ் மூழ்கிக் கிடக்கிறது. வலை அதில் மாட்டிக்கொண்டது. கச்சான் எனப்படும் மேல்காற்று வலுக்கவே, இழுபட்ட படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கியது. வலையை அறுத்து விடுவதற்காகக் கிளைட்டன் கத்தியோடு குதித்தார். மேலே வரவில்லை. மற்ற இருவரும் மிதவைகளைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் கிடந்து பிழைத்தார்கள். மூன்றாம் நாள் அவருடைய உடல் கிடைத்தது. விபத்து என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டதாக அறிகிறேன்.

7. மே 17-ஆம் தேதி அவருடைய மனைவி அனுஜா, படகிலிருந்து எடுத்த கைபேசியைக் கொண்டு என் கடைக்கு வந்தார். தண்ணீர் புகாத உறையில் இருந்ததால் அது கெடவில்லை. சார்ஜ் மட்டும் தீர்ந்திருந்தது. "அக்கா, அவிய கடைசியா எங்கன நின்னாவன்னு இதுல தெரியுமா?" என்று கேட்டார். சார்ஜ் ஏற்றித் திறந்தேன். தெரிந்தது. திரையில் இருந்த எண்ணைப் பார்த்ததும் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். "பாஸ்வேர்டு கேக்குது, கொஞ்ச நாள் ஆகும்மா" என்று பொய் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கைபேசி என் கடை மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. இதுவரை இருமுறை அவர் போன் செய்து கேட்டுவிட்டார்.

8. அதே திரையில் நான் கண்ட இன்னொன்றுதான் இம்மனுவுக்கு உடனடிக் காரணம். ஒரு படகு ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ, அவ்வளவு மீன் அங்கே கிடைப்பதாக அந்தச் செயலி எடுத்துக்கொள்ளும். இதை அபிலாஷே ஒருமுறை பெருமையாக எனக்கு விளக்கியிருக்கிறார். கிளைட்டனின் படகு, மறுநாள் கட்டி இழுத்து வரும்வரை, இருபத்தாறு மணி நேரம் அந்த இரும்பில் மாட்டியபடி அங்கேயே நின்றது. உள்ளே கைபேசி உயிரோடு இருந்தது. ஆகவே செயலி அந்த இடத்துக்கு நட்சத்திரத்தைக் கூட்டியது. பிறகு அவரைத் தேடிப் பதினான்கு படகுகள் போய் அதே இடத்தை இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தன. அவையும் மீன் பிடிக்க வந்தவை என்று அது எண்ணிக்கொண்டது. விபத்துக்கு முன் இரண்டு நட்சத்திரம் இருந்த அந்த இடத்துக்கு இன்று ஐந்து நட்சத்திரம். நம் கடற்கரையில் வேறெந்த இடத்துக்கும் ஐந்து கிடையாது.

9. தடைக்காலம் முடிந்து, ஞாயிறு கழித்து, ஜூன் 16 திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு இருநூற்று நாற்பது விசைப்படகுகள் ஒன்றாகக் கடலுக்குப் போகும். அவை அனைத்துக்கும் முதல் மாதம் செயலி இலவசம் என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. இரண்டு மாதம் கரையில் கிடந்துவிட்டு முதல் நாள் போகிறவர்கள் எந்த நட்சத்திரத்தைத் தேடிப் போவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அங்கே முதலில் மாட்டுகிற படகு நகர முடியாமல் நிற்கும். நிற்க நிற்க, பின்னால் வருகிறவர்களை அது இன்னும் கூப்பிடும்.

10. நான் சும்மா இருக்கவில்லை. பொய்ப் பாயிண்ட் வைத்திருந்த உரிமையாளர்களின் வீடு வீடாகப் போய், கிளைட்டனின் சாவைச் சொல்லிச் சம்மதம் வாங்கி, அறுபது எண்களை எழுதிக் கடை வாசலில் ஒட்டினேன். மே 24 அன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். மறு திங்கட்கிழமையே அறிவிப்பு வந்துவிட்டது. ஆபத்து என்றால் உடனே ஆள் வரும் என்று அவர்கள் சொன்னது என் விஷயத்தில் மட்டும் பலித்தது.

11. அறிவிப்பில் உள்ளவை: அந்த எண்கள் அவர்களுடைய தகவல் தொகுப்பைச் சேர்ந்தவையாம்; தொகுப்பின் பதிப்புரிமை அவர்களுடையதாம்; என் அறுபது எண்களும் கடைசி இலக்கம் வரை அவர்களுடையவற்றோடு ஒத்துப்போவதே நான் திருடியதற்குச் சான்றாம். ஒத்துத்தான் போகும். அவர்களிடம் இருப்பது, படகுகளின் கருவிகளில் நான் என் கையால் ஏற்றிக் கொடுத்தது. மேலும், கரையில் மாதா கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னுள்ள பனையையும் ஒரே கோட்டில் பிடித்துக் கடலில் இடம் அறியும் முறையைச் செயலியில் சேர்த்து, அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருப்பதாகவும் ஒரு வரி இருக்கிறது. இங்கே கடலில் கால் வைத்த எல்லாரும் செய்வது அது. அதற்கான ஆட்சேபணையை உரிய அலுவலகத்துக்குத் தனியே அனுப்பிவிட்டேன். அது மெதுவாக நடக்கட்டும். பட்டியலை 24 மணி நேரத்தில் அழிக்காவிட்டால் வழக்கு என்றதால், பயந்து அழித்துவிட்டேன். அபிலாஷுக்குப் போன் செய்து, எண்கள் பொய் என்று நீங்களே நீக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அத நாங்க ஒத்துக்கிட்டா மத்த பாயிண்டையும் யாரு அக்கா நம்புவா? மேல பேசிட்டுச் சொல்லுதேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

12. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்லும் தகவல் எவருக்கும் சொந்தமில்லை; ஒருவர் தன் மனத்திலிருந்து உருவாக்கியதுதான் அவருக்குச் சொந்தமாக முடியும் என்று அவர் விளக்கினார். எனக்குப் புரிந்தவரையில், பாறையும் மீனும் அவை இருக்கும் இடத்தில் இருக்கின்றன. அவற்றை யாரும் உருவாக்கவில்லை. அந்த நிறுவனத்தின் தொகுப்பில் மனிதர் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதியவை என்றால் அவை அந்த அறுபத்தொரு பொய்கள்தான். அவற்றை எழுதியவர்கள் நாங்கள். எங்கள் படைப்பை எங்கள் அனுமதியின்றி அவர்கள் விற்கக் கூடாது. இந்தக் காரணம் தோன்றியபோது ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அதைக் கோர வேண்டுமானால், இன்ன பொய்யை எழுதியவள் நான் என்று ஒருவர் முன்வந்து கையெழுத்திட வேண்டும்.

13. பொய்கள் அறுபத்தொன்று என்றும், நான் ஒட்டிய பட்டியலில் அறுபது என்றும் எழுதியிருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். விடுபட்ட அந்த ஒன்று எங்கள் வீட்டுடையது. என் கணவர் ரோச் அப்போது வைத்திருந்த படகுக்காக, எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் உருவாக்கியது. அவரும் அந்த ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்திட்டு, அந்தப் படகின் கருவியைத் திறந்து கொடுத்தவர்தான். சும்மா மணலில் வைத்தால் கள்ளனுக்கு உறைக்காது என்று, பார்ஜ் மூழ்கிய இடத்தைக் கேட்டறிந்து, அதன் மேலேயே வைத்தேன். பிறகு எனக்கு மறந்துவிடக் கூடாதென்று, எங்கள் மகள் ஆனி பிறந்த தேதியான 17 என்ற எண்ணைக் கடைசி இலக்கங்களாகப் போட்டேன். அனுஜா கொண்டு வந்த கைபேசித் திரையில் நான் பார்த்தது அந்தப் பதினேழைத்தான்.

14. ஊர் முழுக்கப் போய் மற்றவர்களிடம் சம்மதம் வாங்கிய நான், எங்கள் வீட்டு எண்ணை மட்டும் எழுதாமல் விட்டேன். ஆள் கொன்ற எண்ணை விட்டுவிட்டு ஆள் கொல்லாத அறுபதை ஒட்டினேன். "ஏளா, அறுவது பேரு பொய்யச் சொல்லியாச்சுல்லா. நம்மது ஒண்ணு கெடந்துட்டுப் போவட்டும். சொன்னா செத்தவன் நம்ம தலையில வந்து விடிவான்" என்று என் கணவர் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர், பயந்திருக்கிறார். நானும் அப்போது சரி என்றுதான் இருந்தேன். இம்மனுவில் கையெழுத்திட அவர் மறுத்துவிட்டார்; நேற்றிலிருந்து என்னோடு பேசவுமில்லை.

15. எனவே ஐயா அவர்களிடம் நான் வேண்டுவன: வடக்கு 8 பாகை 24.617 நிமிடம், கிழக்கு 78 பாகை 13.217 நிமிடம் என்ற இடம் பொய்யானது. அதை எழுதியவள் நான். அது என் படைப்பு. அதைக் காட்டவும் விற்கவும் அலைத்தடம் நிறுவனத்துக்கு நான் அனுமதி தரவில்லை. அதை உடனே நீக்கவும், இணைப்பிலுள்ள மற்ற அறுபதையும் நீக்கவும், நீக்கும்வரை அந்தச் செயலியை நிறுத்தி வைக்கவும் ஜூன் 14-க்குள் ஆணையிட வேண்டுகிறேன். துறைமுகத்தின் ஒலிபெருக்கியில் அந்த இடத்தைப் படகுகளுக்கு அறிவிக்கவும் வேண்டுகிறேன். கிளைட்டன் இறந்தது தொடர்பான கோப்பை மீண்டும் திறந்து, அந்த நிறுவனத்தையும் என்னையும் சேர்த்து விசாரிக்க வேண்டுகிறேன். உரிமையை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டு சாவை வேறொருவர் பேரில் எழுதச் சொல்ல எனக்கு வாயில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு முன் தங்கள் ஆணை வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரோ. மெட்டில்டா

இடம்: தூத்துக்குடி
நாள்: 02.06.2025

இணைப்பு:
1. அறுபது இடங்களின் பட்டியல் (உரிமையாளர்களின் சம்மதக் கையெழுத்துகளுடன்).
2. நிறுவனத்தின் அறிவிப்பு – நகல்.
3. கைபேசித் திரையின் படம்.

நகல்:
1. மீன்வளத் துறை அலுவலகம், தூத்துக்குடி.
2. அலைத்தடம் நிறுவனம் (பதிவுத் தபாலில்).
3. திருமதி அனுஜா கிளைட்டன், பெரியதாழை. இந்நகலை இன்று மாலை நானே நேரில் கொண்டுபோய், அவர் கணவரின் கைபேசியோடு சேர்த்துக் கொடுப்பேன்.